ஜன்னல் வழியே ஒரு கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் மாலை நெரிசலில் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. பெரிய மரம் ஜோடித்து வைத்திருந்த சதுக்கம் வந்ததும் பாதிக் கூட்டம் இறங்கியது.

"அம்மா, நாமளும் இறங்கலாம்மா. மரத்தைக் கிட்டப் போய்ப் பாக்கணும்" என்றேன்.

"சும்மா உக்காரு. ஜன்னல் வழியாவே நல்லாத் தெரியுது."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே!" அக்காவுக்கு அழுகை முட்டியது. "புது டிரெஸ் போட்டுக்கிட்டு பஸ்லயே சுத்துற குடும்பம் உலகத்துலயே நம்மளுதுதான்."

அம்மா கேக் டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "யோவ் டிரைவர், வண்டிய ஓட்டுறியா, உருட்டுறியா? எங்களுக்கும் வீடு வாசல் இருக்குய்யா!"

எனக்கும் டிரைவர் மேல் கோபம்தான். அம்மாவோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். நாங்கள் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சீக்கிரம் குடு, உடனே வண்டிய எடுக்கணும்" என்று கேக்குக்குக் கை நீட்டினார்.

"அடுத்த வருஷமாவது லீவு போடுங்கப்பா" என்றாள் அக்கா.

"நானும் லீவு போட்டா, ஊர்ல மத்தவங்க குடும்பத்தோட எப்படிம்மா வெளிய போவாங்க?"

அப்பா இறந்த வருஷம்தான் அந்தச் சதுக்கத்தில் முதல்முறையாக இறங்கினோம். நானும் அக்காவும் மரத்தடிக்குப் போனோம். அம்மா வரவில்லை. நிறுத்தத்திலேயே நின்று, வந்த ஒவ்வொரு பேருந்திலும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.