பறிமுதல்

குன்னூர் பஜாருக்கு பிளாஸ்டிக் சோதனைக்கு வந்த முதல் நாளே நகராட்சி ஆய்வாளர் ரேகாவிடம் ஒருவர் கையும் களவுமாகச் சிக்கினார். ஜாகீரின் பம்ப்செட் கடை வாசலில், பித்தளை முனையிலிருந்து வாளிவரை விரல் தடிமனில் ஒரு குழாய் பளபளவென்று வளைந்து நின்றது.

"மலையில பிளாஸ்டிக் தடைன்னு தெரியாதுங்களா? அதைக் கழட்டுங்க."

"முடியாதுங்க மேடம். மூணு மாசம் பாடுபட்டு இன்னைக்குத்தான் நின்னுச்சு. தொட்டா உடைஞ்சுருமுங்க," ஜாகீர் பதறினார்.

"அப்ப நானே எடுத்துக்கறேன்" என்று ரேகா எட்டிப் பிடித்தாள்.

குழாய் நாலாபக்கமும் சிதறி, அவள் முகத்தையும் கையிலிருந்த அபராத ரசீதுப் புத்தகத்தையும் நனைத்தது. கையை எடுத்ததும் மறுபடி அசையாமல் வளைந்து நின்றது.

"தண்ணியா இது?" ரேகாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. "கண்ணாடியாட்டம் நிக்குதே, எப்படிங்க?"

இந்த மூன்று மாதத்தில் யாருமே அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஜாகீருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சாதாரணமா தண்ணி முட்டி மோதிக்கிட்டு வருமுங்க. வரிசைப்படுத்தி விட்டா, அடுக்கடுக்கா வழுக்கிக்கிட்டு சத்தமில்லாம வந்துரும். அதுக்குத்தான் முனைக்குப் பின்னாடி இருக்கற பெரிய பைப்புக்குள்ள இருநூறு ஸ்ட்ரா அடுக்கியிருக்கேனுங்க."

"பிளாஸ்டிக் ஸ்ட்ராங்களா?"

"பின்னே? பேப்பர் ஸ்ட்ரா ஊறிப்போயிருமுங்களே."

ரேகா ரசீதுப் புத்தகத்தில் நனையாத பக்கத்தைத் தேடினாள்.