திரும்பி வரும் படம்

அம்மாவை யாரும் நின்று பார்த்துவிடக் கூடாது என்றுதானே நேற்று இந்த நிரலை எழுதினேன் என்று ஃபீபி நினைக்கிறாள். ஆம்பூர் ஷூ கம்பெனியின் புதிய வலைப்பக்கம் எதிரே ஒளிர்கிறது. படங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும் நிரலில் நான்காவது படமான அம்மாவுக்கு எண் மூன்று. கம்பெனிக்குத் தோல் பதனிடும் ஷெட்டில், சாயம் ஏறிய விரல்களோடு, போட்டோ என்றதும் முந்தானையால் முகம் துடைத்துச் சிரித்திருக்கிறாள். மவுஸைப் படத்தின் மேலே கொண்டுபோனால் அவள் மறைந்து பளபளக்கும் ஷூ வருகிறது. விலக்கினால் அதே சிரிப்போடு திரும்பி வருகிறாள். அம்மா வீட்டோடு இருப்பதாகத்தான் ஃபீபி ஆபீசில் சொல்லியிருக்கிறாள். மேனேஜர் கிருபானந்தம் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிகிறார். "சூப்பர்மா! ஆனா அந்தம்மா இன்னாத்துக்குத் திரும்பத் திரும்ப வர்றாங்க? கையப் பாரு, ஷூ வாங்குற வெள்ளக்காரன் பேஜாராய்டுவான். ஷூவே நின்னுடட்டும்." அம்மாவைத் திரும்பக் கொண்டுவரும் ஒரே ஒரு வரியை நிரலில் அழித்தால் போதும். மின்விசிறிக் காற்றிலும் அவள் காதுமடல் சுடுகிறது. காலையில் அந்த விரல்கள்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டன. விசைப்பலகையிலிருந்து இறங்கிய கை பின்னலின் நுனியைப் பற்றிக்கொள்கிறது.

"வேணாம் சார்," என்கிறாள், அவரைத் திரும்பிப் பார்க்காமல். "அவங்க வரட்டும்."