ஒரு சுருள், முப்பத்தாறு படம்

முப்பத்தாறு படத்தில் ஒன்றில்கூட மேடை இல்லை.

தியாகு ஈரம் சொட்டும் காகிதத்தைச் சிவப்பு விளக்குக்குக் கீழே பிடித்து மறுபடியும் பார்த்தான். தபால்தலை அளவில் சின்னச் சின்னப் படங்கள், வரிசை வரிசையாக. எல்லாம் கூட்டம்தான். தலைகள், குடைகள், முதுகுகள்.

"ஐயா, மேடை எங்க?"

இருட்டறை மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

அன்று காலைதான் பண்டார் ஹிலிர் பாடாங் திடலில் மெர்டேக்கா தேதியை, நாடு சுதந்திரமடையும் நாளை, அறிவித்திருந்தார்கள். அந்த மேடையைப் படமெடுத்துச் சாயங்கால பஸ்ஸில் அனுப்பச் சொல்லியிருந்தது கோலாலம்பூர்ப் பத்திரிகை ஒன்று. காஜா பெராங் பகுதியில், பெட்டிக்கடை அளவே இருந்த அவர்கள் ஸ்டூடியோவைத் தேடி அப்படி ஓர் அழைப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

எதில் எடுப்பது என்று இரண்டு வாரமாக இருவருக்கும் ஓயாத பேச்சு. சிங்கப்பூரில் வாங்கி வந்த தன் சின்னக் கேமராவில் எடுக்கலாம் என்றான் தியாகு.

"சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிடலாம் ஐயா. ஒரு சுருளுக்கு முப்பத்தாறு. ஒண்ணு போனா இன்னொண்ணு."

"அதான் வேணாங்கறேன். முப்பத்தாறு இருக்குன்னு தெரிஞ்சா எவனும் ஒழுங்கா பாக்க மாட்டான். கண்ணாடி பிளேட்டுன்னா ஒண்ணே ஒண்ணு. நிதானமாப் பாத்து, ஒரு தடவ அமுக்கணும். மீசை முடிகூடத் தெரியும் லா."

தியாகு அதற்குமேல் வாதாடவில்லை. மூன்று வருஷமாக அவரோடு வேலை செய்கிறான். மனைவி போன பிறகு பெரியவர் தனி ஆள். பிள்ளைகள் உண்டா என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஒண்ணு இருந்திச்சு. இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார். இழந்தவரிடம் அதைப் பற்றி எப்படிக் கேட்பது? தியாகு பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

ஆக, கண்ணாடி பிளேட் போடும் பெரிய மரக் கேமராவைத்தான் சுமந்து போனார்கள். மேடைக்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். சின்னக் கேமரா சும்மா தியாகுவின் கழுத்தில் தொங்கியது.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்த அப்பாசாமி, இடப்பக்கக் கூட்டத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, அதக் குடு."

"எத ஐயா?"

"உன் கேமராவ. குடுடா சீக்கிரம். இத யாரும் தள்ளிவிடாம புடிச்சுக்க."

பிளேட் பெட்டி தோளில் தொங்குவதைக்கூட மறந்து கூட்டத்துக்குள் புகுந்தவர், எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகுதான் திரும்பி வந்தார். மேடையில் தேதியைச் சொன்னபோது பாடாங்கே அதிர்ந்தது. முட்டித் தள்ளிய கூட்டத்துக்கு நடுவே தியாகு பிளேட் இல்லாத கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

இப்போது எதை அனுப்புவது? பழக்கமில்லாத கேமரா, வயசான கை, தடுமாறிவிட்டார் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஒன்றாவது தேறுமா என்று பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது.

எல்லாப் படத்திலும் ஒரே பெண்.

முதல் வரிசையில் பக்கவாட்டு முகம், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நடுவில் ஒரு படத்தில் அவள் திரும்பி நேராகக் கேமராவையே பார்த்தாள். சிரிக்கவில்லை. அடுத்ததில் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அதற்குப் பிறகு வெறும் முதுகு. படத்துக்குப் படம் அது சிறிதாகிக்கொண்டே போனது. கடைசிப் படத்தில், அவள் தோளுக்கு மேலே குழந்தையின் முகம் மட்டும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

தியாகுவுக்குப் பொறுக்கவில்லை.

"யாரோ ஒரு பொம்பளைக்காகவா ஐயா முழுச் சுருளையும் தொலைச்சீங்க? பத்திரிகைக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது? இதுக்கு நீங்க சொன்ன மாதிரி பிளேட்டுலயே ஒண்ணு எடுத்திருக்கலாமே!"

அப்பாசாமி எழுந்து வந்தார். காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். மருந்துத் தண்ணீர் முழங்கை வரை வழிந்ததைத் துடைக்கவில்லை.

"பிளேட்டுன்னா என் மகள ஒரு தடவதான தம்பி பாத்திருப்பேன்."