பச்சைப் பல்லிகள்

"ஏர்போர்ட் வண்டி வந்துடுச்சு தம்பி. இன்னும் அந்த அச்சை வச்சுக்கிட்டு என்ன பண்றே?"

துபாய் தொழிலாளர் கேம்ப் அறையில் கௌஸ் அதட்டியும் இத்ரீஸ் நிமிரவில்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய பொம்மை அச்சில் பச்சைத் திரவத்தை ஊற்றிச் சூடேற்றினான். அது ரப்பர் பல்லியாக உறைய வேண்டும்.

"உன் மவன் முஆதுக்குச் சும்மா காய்ச்சல்தான்டா. உன்னைப் பார்த்தா எந்திரிச்சு ஓடி வருவான். யல்லா, கிளம்பு!"

"கேக்காமலே லீவும், கம்பெனி வாங்கி வச்சிருந்த பாஸ்போர்ட்டும் கைக்கு வந்திருக்கு. காலையிலேருந்து ரூம்ல ஒருத்தரும் என் மூஞ்சியப் பார்க்கல. புள்ள மவுத்தாயிட்டான், இனி இல்லேன்னு எனக்குத் தெரியும்ணே."

கௌஸ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம் எதுக்குடா இது?"

"கூட்டாளிங்களுக்குக் குடுக்கணும்னு பத்து பல்லி கேட்டிருந்தான். ஒம்பதுதான் ஆச்சு."