சும்மா ஓடும் ஏழாம் நம்பர்

"தொண்ணூறு நாளா ஒரு வேலையும் இல்ல. ஆனா மத்த மூணும் சேர்ந்து குடிக்கிற கரன்ட்டை இது ஒண்ணே குடிக்குது!"

இங்குன் கம்ப்யூட்டர் திரையை மூத்த ஊழியர் ஆர்வித் பக்கம் திருப்பினாள்.

நார்வேயில், ஹெஸ்ட்விக் நகராட்சியின் நெட்வொர்க் அலுவலகத்துக்கு, மின்சாரத்தைக் குறைக்க என்றே வந்தவள் அவள். சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் மெஷின்களில் பதினொன்றை மூன்றே வாரத்தில் நிறுத்திவிட்டாள். மிச்சம் நாலு. அதில் இந்த ஏழாம் நம்பர்தான் கண்ணை உறுத்தியது.

ஆர்வித் நிதானமாக வாஃபிள் மேல் பழுப்புச் சீஸை வைத்தார். வெள்ளிக்கிழமை காலை என்றால் அங்கே அவர் சுடும் வாஃபிள்தான்.

"அது தூங்காதும்மா. சேதி ஏதும் வருதான்னு கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டே இருக்கும். நான்தான் அப்படி வச்சிருக்கேன்."

"யாருமே வராத வாசலுக்கு ராவும் பகலுமா காவலா? அந்தச் சூட்டுல நீங்க வாஃபிளே சுடலாம்."

"தூங்க விட்டா, முழிச்சுக்க ஒரு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள..."

"ஒரு நிமிஷத்துல என்ன குடியா முழுகிடும்? தொண்ணூறு நாள்ல ஒரு சேதி வரல!"

"வராம இருந்தா நல்லதுதான்" என்றார் ஆர்வித்.

இங்குனுக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தானே, அதான் இந்த எகத்தாளம்! அறிக்கையில், 'தெரிந்தே வீணாக்கியவர்: ஆர்வித்' என்று தட்டினாள். ஏழாம் நம்பரை நிறுத்த மவுஸில் விரலை வைத்தாள்.

திரையில், 'வந்த சேதிகள்' என்பதற்கு எதிரே இருந்த சைபர், ஒன்று ஆனது.

"அட! உங்க சோம்பேறிக்கு ஒருவழியா வேலை வந்துடுச்சு, பாருங்க!"

ஆர்வித் சிரிக்கவில்லை. வந்து விழுந்த பெயரைப் பார்த்தார். வாஃபிளை அப்படியே போட்டுவிட்டு போனை எடுத்தார்.

"மக்னே ஐயா, எங்க இருக்கீங்க? சமையல்கட்டிலயா? எழுந்திரிக்கப் பாக்காதீங்க. அப்படியே படுத்திருங்க. நர்ஸுக்குச் சேதி போயிடுச்சு, படகு கிளம்பிடும். நான் லைன்லயேதான் இருக்கேன்."

மவுஸிலிருந்து அவள் விரல் தானாக விலகியது.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஆர்வித் மெல்லச் சொன்னார்:

"தீவுல தனியா இருக்கிற வயசானவங்க பதினாலு பேரு கழுத்துல அலாரம் பட்டன் தொங்குதும்மா. அமுக்கினா இந்த ஏழாம் நம்பர் வழியாத்தான் சேதி வரும். தொண்ணூறு நாளா அது சும்மா இருந்துச்சுன்னா, தொண்ணூறு நாளா அங்க ஒருத்தரும் கீழ விழலைன்னு அர்த்தம்."