குழந்தைகளுக்கு ஏற்ற ஏரியா

பெரியவளை மடக்கி அட்டைப்பெட்டிக்குள் உட்கார வைத்தாயிற்று. சின்னவன்தான் அடங்க மறுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தான்.

"மூச்சு விட ஓட்டை போட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பத்து போட்டிருக்கேன். டேப்பை எடு," என்றான் மெக்கானிக். பெட்டியின் மேல் 'பாத்திரம், கவனம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான்.

கல்நெஞ்சுக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெற்ற பிள்ளைகள்தான். குடியேற வேறு வழியில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவன் இந்த நகரத்து பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர வேண்டும். மூன்று வாரமாகப் பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்துகொண்டு ஏரியா ஏரியாவாக அலைந்திருந்தார்கள். ஓர் இடத்தில் வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம். ஆனால் நடுவில் ஆறு வழிச் சாலை. இன்னோர் இடத்தில் வாடகை சல்லிசு. ஜன்னலைத் திறந்தால் சிமென்ட் குடோன். அங்கே நின்ற அரை மணி நேரத்தில் சின்னவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் போய்த்தான் நின்றது.

"தூசி இல்லாத இடமாப் பாருங்க. இல்லேன்னா வாராவாரம் இவனை இங்கதான் தூக்கிட்டு வரணும்," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த ஏரியாவைப் பார்த்ததும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு நிமிஷ நடையில் பள்ளிக்கூடம், தெருமுனையில் குழந்தை டாக்டர், வாசலுக்கு நேரே ஊஞ்சல் வைத்த பூங்கா, லாரி நுழையாத தெரு. குழந்தை வளர்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அதனாலோ என்னவோ, குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அங்கே வீடும் கிடையாது.

காலியாக இருந்தது ஒரே ஒரு குடியிருப்பில்தான். அதன் வாசலில் பலகை தொங்கியது: 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. மீறினால் இருபத்து நாலு மணி நேரத்தில் வெளியேற்றப்படுவீர்கள்.'

"எங்களுக்குக் குழந்தையே இல்லீங்க," என்று மெக்கானிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். தங்கியிருந்த லாட்ஜில் சனிக்கிழமை மதியம்வரைதான் கெடு.

சனிக்கிழமை காலை லிஃப்ட் வாசலிலேயே குடியிருப்போர் சங்கத்துச் செகரட்டரி நின்றிருந்தார். அறுபது வயது, அந்தப் பலகையை எழுதி மாட்டியவரே அவர்தான். சங்கத்து நோட்டை மார்போடு அணைத்து, அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, இடமும் வலமுமாக ஆடி ஆடிப் பேசினார். பதவி வந்தால் சிலருக்கு அப்படி ஓர் ஆட்டம் வந்துவிடுகிறது.

"பெட்டியில என்ன தம்பி?"

"பாத்திரம் சார்."

பாத்திரம் தும்மியது.

"ஒரே தூசி சார்," என்று மெக்கானிக் அவசரமாகத் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நானும் ஒரு கை பிடிக்கிறேன்," என்று செகரட்டரி குனிந்து பெட்டியைத் தொட்டார். "சூடா இருக்கே?"

"இப்பத்தான் இறக்கினோம் சார்," என்றாள் மனைவி.

மதியத்துக்குள் பெரியவள் சத்தமில்லாமல் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். சின்னவனுக்கு ஒன்றரை வயது. அவனிடம் சட்டம் பேச முடியவில்லை. நாலு மணிக்கு அவன் வீறிட்டதும் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மெக்கானிக் கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டு போய்த் திறந்தான்.

செகரட்டரிதான்.

"நான்தான் சார் அழுதேன். ஊர் ஞாபகம்."

"தாராளமா அழுங்க, யாரு வேணாங்கறா? குரல்தான் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியவள் திரைச்சீலை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "அப்பா, ஊஞ்சல் சும்மாதானே இருக்கு. ஒரே ஒரு தடவைப்பா."

அவன் திரைச்சீலையை இழுத்து இடுக்கை மூடினான்.

"இப்படிப் பொத்திப் பொத்தி எத்தனை நாளைக்குங்க?" என்று மனைவி உடைந்துபோனாள். "பேசாம அந்த சிமென்ட் குடோன் பக்கமே போயிடலாம்."

"போனா இவன் மூச்சு என்ன ஆகும்?"

அவள் சின்னவனின் முதுகைத் தடவிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து அந்த முதுகில் இழுப்பு இல்லை.

அழைப்பு மணி அடித்தது. பிள்ளைகளை உள்ளறையில் தள்ளிச் சாத்திவிட்டு மெக்கானிக் கதவைத் திறந்தான். செகரட்டரி கையில் ஒரு குப்பைப் பை.

"இது உங்க வீட்டுதுதானே?"

பையை விரித்துக் காட்டினார். மேலாகக் கிடந்தது, காலியான டயப்பர் பாக்கெட்.

செகரட்டரி உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். உள்ளறையில் சின்னவன் தொண்டை கிழிய அழத் தொடங்கினான்.

மனைவி ஓடி வந்து கைகூப்பினாள். "ஏமாத்தினது தப்புதான் சார். ஆனா வெளியே மட்டும் அனுப்பிடாதீங்க. சின்னவனுக்கு மூச்சுக் கோளாறு. இந்த நகரத்துல அவன் நிம்மதியா மூச்சு விட்டதே இந்தத் தெருவுலதான். நாளைக்கு இவர் வேலைக்குப் போகணும், நான் ரெண்டையும் தூக்கிக்கிட்டு எங்க போவேன்? உங்க கால்ல வேணாலும் விழறேன் சார்!"

செகரட்டரி பதறிப்போய் ஜன்னல் பக்கம் பார்த்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லப் பேசுங்கம்மா. இந்த டயப்பர்ல ஒண்ணு இருந்தா குடுங்க, எம் பேத்தி விடிஞ்சதுலேருந்து ஈரத்துல கிடக்கா."