நாற்பத்தெட்டு எண்கள்

மூன்றாவது நாளும் புது லேப்டாப் அதையேதான் கேட்டது. நாற்பத்தெட்டு எண்கள்.

பழையது இடி விழுந்து செத்துப்போனது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கழற்றிப் புதியதில் மாட்டிக் கொடுத்திருந்தார் கடைக்காரர். பூட்டுப் போட்ட டிஸ்க். இடம் மாறினால் எண்ணைச் சொல்லாமல் திறக்காது.

எண் எழுதிய தாள் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. நாயுடுபுரத்து மலை ஈரத்தில் மசி இளகி, நீலப் பாசி மாதிரி கிடந்தது.

சங்கச் செயலாளர் சிவராமன் கண்ணைக் கசக்கினார். சிலோனிலிருந்து திரும்பி வந்த இருநூற்றுப் பதினாலு குடும்பங்களின் வீட்டுமனை விவரம் மொத்தமும் அதற்குள். நாளைக்குத் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கக் கடைசி நாள். மறுபடி ஊர் ஊராய்ப் போய் எழுத மூன்று மாதம் ஆகும்.

டீ கொண்டுவந்த ராக்கம்மா, வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். ஆபீஸ் கூட்டுகிறவள். எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். தினம் பீரோ துடைக்கையில் அந்தத் தாளை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாளாம். தாளை நம்பக் கூடாது என்றாள்.

பீரோவோட என்னக்கா பேச்சு என்று அவரே ஒருமுறை கேலி பண்ணியிருக்கிறார்.

நம்பாமல்தான் கீபோர்டில் விரலை வைத்தார். வேறென்ன செய்ய?

அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள், ஆறு ஆறு எண்ணாக. ஒவ்வொரு கட்டமாகத் திரை வாங்கிக்கொண்டது.

ஏழாவது கட்டத்தை வாங்கவில்லை.

திரும்பச் சொல்லச் சொன்னார். அதையே சொன்னாள். திரும்பவும் வாங்கவில்லை.

ராக்கம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். அது வேற நம்பராம். கப்பலில் வருகையில் அப்பா மனப்பாடம் பண்ணவைத்த குடும்ப அட்டை நம்பர். அட்டை, வந்திறங்கிய முகாமின் மழையிலேயே கரைந்துபோனது. நம்பர் மட்டும் வாயில் நின்றுவிட்டது, இப்போது நடுவில் வந்து புகுந்துகொண்டது.

சரியானதைச் சொன்னாள். எட்டாவதையும் சொன்னாள்.

திறந்தது.

சிவராமனுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பட்டியலை எடுத்து, தேடுகிற இடத்தில் அந்த வழி தவறி வந்த நம்பரை அடித்துப் பார்த்தார். இல்லை என்றது. அவள் பேரையும் அடித்தார். அதுவும் இல்லை.

"என்னக்கா, உங்க குடும்பம் இதுல இல்லையே?"

"அட்டை இல்லாதவுகள எழுத வேணாம்னு நீங்கதான தம்பி சொன்னீங்க" என்றாள், ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டே. "இருங்க, சூடு பண்ணிட்டு வாறேன்."